மூன்று தர்மப் புள்ளி போச்சு, காலனிக்கு என்ன ஆச்சு?

பௌர்ணமிக் கூட்டம் வடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிரிவலப் பாதையை ஒட்டிய மாடி அறை ஒன்றில் ஐந்து கல்லூரிப் பிள்ளைகளோடு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்களில் இரண்டு பேர் எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள். "அக்கா, சாதியை வெச்சு ஒரு ஆட்டம் ஆடுறோம், நீங்க வந்து பாத்துட்டு சொல்லுங்க" என்று கூப்பிட்டார்கள். போனேன், பார்த்தேன். சொல்ல வேண்டியதில் பாதியை அங்கேயே சொல்லிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது அந்த ஐந்து பேரின் கோளாறு மட்டும் இல்லை.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்காக: இதை டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்கிறார்கள். திரை கிடையாது, மொபைல் கிடையாது. மேசை, காகிதம், பென்சில், இருபது முகம் உள்ள ஒரு பகடை. ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் மட்டும் ஆட்டத்தை நடத்துபவர், கேம் மாஸ்டர். ஊர், மழை, போலீஸ், மற்ற மனிதர்கள் எல்லாமே அவர் வாயிலிருந்துதான் வரும். "இப்போ நீ என்ன செய்யறே?" என்று கேட்பார். நீ சொல்ல வேண்டும். பகடை உருட்ட வேண்டும். அதன் பிறகு என்ன நடந்தது என்று அவர் சொல்வார். வழக்கமாக இதில் டிராகன், மந்திரவாதி, வாள் எல்லாம் வரும். சென்னையில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவன் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, நம் மாவட்டத்து ஊர் மாதிரியே ஒரு ஊரை உருவாக்கியிருந்தான். ஊர்த்தெரு, காலனி, நடுவில் ஏரி, ஒரு மாரியம்மன் கோயில். அதற்கே அவனைப் பாராட்ட வேண்டும், பாராட்டினேன்.

கதை இதுதான். ஆடித் திருவிழாவில் நாங்களும் உள்ளே வந்து பொங்கல் வைப்போம் என்று காலனிக்காரர்கள் கேட்கிறார்கள். ஊராட்சித் தலைவர் பாத்திரத்தை எடுத்த பையன் ஊர்ப் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு ஒரு முடிவு எடுக்கிறான்: காலனி ஆட்களுக்கு யாரும் கழனி வேலை கொடுக்கக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, மில்லில் மாவு அரைக்கக் கூடாது. கேம் மாஸ்டர் தம்பி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னான்: "உன் தர்மப் புள்ளியில மூணு போச்சு." எல்லோரும் "ஓ" போட்டார்கள். அரை மணி நேரம் கழித்து அதே தலைவர் கிரிவலப் பாதையில் அன்னதானம் போட்டார். இரண்டு புள்ளி ஏறியது. பிறகு கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பணம் கொடுத்தார். மூன்றாவது புள்ளியும் வந்துவிட்டது. கணக்கு நேர்.

நான் கேட்டேன்: "காலனிக்கு என்ன ஆச்சு தம்பி?"

"அவங்க என்.பி.சி.க்கா."

என்.பி.சி. என்றால் நான் பிளேயர் கேரக்டர். ஆட்டக்காரர் யாரும் எடுக்காத பாத்திரம். கதையில் பின்னணிக்கு நிற்கிற கூட்டம். அவர்களுக்குத் தனித்தாள் இல்லை, புள்ளி இல்லை, பகடை இல்லை.

நம் சமூகத்தைப் பற்றி நான் படித்த எந்த சமூகவியல் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. முடிவெடுப்பவனிடம் ஒரு தாள் இருக்கிறது. அதில் அவனுடைய பாவ புண்ணியக் கணக்கு ஓடுகிறது. அந்த முடிவால் அடுப்பு எரியாமல் போனவர்களுக்கு மேசையில் இடமே இல்லை. அந்தத் தம்பியைத் திட்டி இதை எழுதவில்லை. அவன் படித்த விதிப்புத்தகம் அப்படி. அந்தப் புத்தகத்துக்கு முன்பே நம் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் விதி அப்படி.

முதலில் அந்தப் புத்தகம். இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாய் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இருவர் உருவாக்கியது. ஒவ்வொரு பாத்திரமும் நல்லவனா கெட்டவனா, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனா கட்டுப்படாதவனா என்று தாளிலேயே எழுதி வைக்கும் வழக்கம் அதில் உண்டு. பாலடின் என்றொரு புனித வீரன் வருவான். கெட்ட காரியம் செய்தால் அவன் சக்தி போய்விடும். 1979இல் வந்த நடத்துநர் கையேட்டின்படி, குணம் மாறினால் பாத்திரம் ஒரு லெவல் இறங்கும். அதாவது தண்டனை எப்போதும் செய்தவன் தாளில்தான் விழும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தப்பு செய்தவனுக்குத்தானே தண்டனை?

ஆனால் அதே புத்தகங்களில் இன்னொன்றும் இருந்தது. ஆர்க் என்ற இனம் பிறவியிலேயே தீயது என்று அச்சடித்திருந்தார்கள். அவனைக் கொன்றால் கேள்வி இல்லை, புள்ளி போகாது. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் இன்னும் பச்சையாக: குள்ளர் இனத்தில் பிறந்தவன் மந்திரம் கற்க முடியாது, மனிதன் அல்லாத இனங்களில் பிறந்தவர்கள் பெரும்பாலான தொழில்களில் இத்தனையாவது லெவலுக்கு மேல் ஏற முடியாது. எந்தத் தொழில், எவ்வளவு உயரம், எல்லாம் பிறப்பு. மனு எழுதிய விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள், அமெரிக்காவில் எழுதியதுதான். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அந்தத் தடைகளை எடுத்தார்கள். 2020 ஜூனில், அமெரிக்கத் தெருக்களில் கறுப்பின மக்கள் போராடிக்கொண்டிருந்த நேரத்தில், இதை வெளியிடும் நிறுவனம் ஆர்க்குகளையும் டிரோ என்ற கருநிற இனத்தையும் பிறவித் தீயவர்களாகக் காட்டுவதை மாற்றுவோம் என்று அறிக்கை விட்டது. 2024 பதிப்பில் 'இனம்' என்ற சொல்லையே விதிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இதைப் படித்துச் சிரிக்காதீர்கள். பிறவிக் குற்றவாளி என்று ஒரு கூட்டத்தையே பட்டியல் போட்டு எழுதிய சட்டம் இந்த நாட்டில் 1871இல் வந்தது. 1911இல் அதை விரித்து, சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். கைரேகை, தினம் காவல் நிலையத்தில் ஆஜர், ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு. அது விளையாட்டுக் கையேடு இல்லை, அரசாங்க கெஜட்.

இப்போது நம் வீட்டு விதிக்கு வருகிறேன். பரமபதம் ஆடியிருக்கிறீர்களா? வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க வீட்டில் விரிக்கும் படம். கோயில் வாசல் கடைகளில் சுருட்டி வைத்து விற்பார்கள். ஏணி ஏறினால் புண்ணியம், பாம்பு கொத்தினால் பாவம். உச்சிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாம்பு. அது கொத்தினால் பழையபடி அடியிலிருந்து. வெள்ளைக்காரன் அதை எடுத்துப்போய்ப் பாவ புண்ணியத்தை வெளுத்துவிட்டு 'ஸ்நேக்ஸ் அண்ட் லாடர்ஸ்' என்று விற்றான். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் அதை ஆடும்போது எனக்கு ஒரு சந்தேகம் வரும், கேட்கப் பயம். இப்போது கேட்கிறேன்: அந்த ஆட்டத்தில் நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்? தாயக்கட்டையை உருட்டினேன், நாலு விழுந்தது, பாம்பின் வாயில் நின்றேன். அவ்வளவுதான். ஆனால் படம் சொல்கிறது, நீ பாவம் செய்தாய், அதனால் கீழே போ.

கர்மக் கோட்பாட்டை இதைவிடத் தெளிவாக யாரும் வரைந்து காட்ட முடியாது. பிறப்பு ஒரு பகடை வீச்சு. எங்கே விழுந்தாயோ அது உன் போன ஜென்மக் கணக்கு. தேர்வு இல்லாமலேயே விளைவு. மேலே இருப்பவனுக்கோ தேர்வு உண்டு, விளைவு இல்லை. இருந்தாலும் அன்னதானத்தில் கழுவிவிடலாம். அந்த மாடி அறையில் நான் பார்த்தது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் விரித்த பரமபதம்.

சாதிச் சமூகத்தில் ஒரு ஒழுக்கத் தேர்வின் விளைவு யார் தலையில் விழுகிறது? தேர்ந்தெடுத்தவன் தலையிலா? தர்மபுரியைப் பாருங்கள். ஒரு தலித் இளைஞனும் ஒரு வன்னியர் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டார்கள். தேர்வு செய்தது இரண்டு பேர். பெண்ணின் தந்தை இறந்ததைத் தொடர்ந்து 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று காலனிகள் எரிந்தன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள். அந்த வீடுகளில் இருந்தவர்கள் யாரையும் காதலிக்கவில்லை. பீரோவில் இருந்த நகை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டை எல்லாம் போயின. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று அந்த இளைஞன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தான்.

மேலவளவைப் பாருங்கள். தனி ஊராட்சியில் தேர்தலில் நிற்பது என்று முருகேசன் முடிவெடுத்தார், நின்றார், ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்ற பதினேழு பேரில் பதின்மூன்று பேரை 2019 நவம்பரில் முன்விடுதலை செய்தார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டை முன்னிட்டு வந்த சலுகை. மூன்று தர்மப் புள்ளியும் திரும்ப ஏறியாயிற்று.

வேங்கைவயல் இன்னும் ஒரு படி மேலே. 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரிய வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக விசாரணை. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருந்த மூன்று பேரும் அந்தத் தண்ணீரைக் குடித்த பக்கத்து ஆட்கள். புகார் கொடுப்பதும் ஒரு தேர்வுதானே? அதன் விளைவு எங்கே போய் முடிந்தது பாருங்கள்.

அதனால் இளம் தோழர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் ஆட்டம் ஆடினாலும் சரி, வீதி நாடகம் போட்டாலும் சரி, பயிற்சி முகாமில் ரோல்பிளே செய்தாலும் சரி, விளைவைச் செய்தவன் தாளில் மட்டும் எழுதி முடித்தால் நீங்கள் சாதியைக் காட்டவில்லை, கர்மாவைக் காட்டுகிறீர்கள். 'கெட்டது செய்தால் கெட்டது நடக்கும்' என்ற கதை ஆதிக்கத்துக்கு ரொம்ப வசதியானது. கெட்டது எதுவும் நடக்காத மிராசுதாரனைக் காட்டி, "பாரு, அவர் நல்லவர், அதான் நல்லா இருக்கார்" என்று அது சொல்லிவிடும்.

இதன் மறுபக்க ஏமாற்று ஒன்று உண்டு: 'இரு தரப்பு'. சில வருடங்களுக்கு முன்பு ஒரு தொண்டு நிறுவனத்தின் நல்லிணக்கப் பயிற்சியில் என்னைப் பாதிக்கப்பட்ட பெண்ணாக நடிக்கச் சொன்னார்கள். ஊர்ப் பெரியவராக நடித்தவர் கடைசியில் "தெரியாம நடந்துபோச்சும்மா" என்றார். கைதட்டல். நான் அவருக்குக் கை கொடுத்துப் போட்டோவுக்கு நிற்க வேண்டும். நின்றேன், வெட்கமாக இருக்கிறது. இரண்டு பேருமே கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள் என்று பயிற்சியாளர் பலகையில் எழுதினார். நான் எதை வைத்திருந்தேன் விட்டுக்கொடுக்க?

இது பயிற்சி அறையோடு போவதில்லை. பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023இல் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். ஜூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலையே பூட்டி சீல் வைத்தார்கள். அடித்தவனுக்கும் அடிவாங்கியவனுக்கும் ஒரே விளைவு, சாமி கிடையாது. சட்டம் ஒழுங்கு என்றார்கள். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவில் பூசைக்காகத் திறந்தார்கள். தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் வரை ஆனது, அதுவும் போலீஸ் காவலோடு. மேசையில் சண்டை வந்ததும் 'எல்லாருக்கும் ஒரு புள்ளி கட்' என்று முடிக்கிற கேம் மாஸ்டர் அரசாங்கத்திலும் இருக்கிறார்.

அது திரௌபதி அம்மன் கோயில் என்பதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் படித்து, பத்துப் பதினைந்து இரவு தெருக்கூத்து ஆடி, கடைசியில் மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் நடத்துவார்கள். துகிலுரிதல் இரவில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேளுங்கள். அதுவும் ஒரு பகடை ஆட்டம்தான். ஆடியது தருமன். பேரிலேயே தர்மம். நாட்டை வைத்தான், தம்பிகளை வைத்தான், தன்னை வைத்தான், கடைசியில் அவளை வைத்தான். சபைக்கு இழுத்து வந்தது யாரை? மேசையில் உட்காராத ஒரே ஆளை. ஆனால் அந்தக் கதை அவளை என்.பி.சி. ஆக்கவில்லை. சபை நடுவில் நின்று அவள் கேட்கிறாள்: என்னை வைத்தபோது அவர் முதலில் தன்னைத் தோற்றிருந்தாரா, தோற்றவனுக்கு என்னை வைக்க என்ன உரிமை? பீஷ்மருக்கே பதில் இல்லை. விடிய விடிய அவளுக்காக அழுதுவிட்டு, விடிந்ததும் காலனிக்காரனைக் கோயில் வாசலில் மறிக்கிறவர்களுக்கும் பதில் கிடையாது.

ஆட்டத்தை நடத்தும் தம்பி என்னோடு நன்றாகவே சண்டை போட்டான். "அக்கா, இது கேம். எல்லாத்தையும் பாடமாக்கினா யாரும் ஆட வரமாட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஜாலியா இருக்கத்தான் வர்றாங்க." நியாயமான பேச்சு. ஆனால் யாருக்கு ஜாலி என்று பார்க்க வேண்டும். பிரெண்டா ரொமேரோ என்ற அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளர் 2009இல் 'டிரெய்ன்' என்று ஒரு மேசை ஆட்டம் செய்தார். மஞ்சள் மரப் பொம்மைகளை ரயில் பெட்டியில் திணித்து ஊர் சேர்க்க வேண்டும். எவ்வளவு அதிகம் ஏற்றுகிறாயோ அவ்வளவு கெட்டிக்காரத்தனம். போய்ச் சேரும் இடத்தின் சீட்டைத் திருப்பினால் ஆஷ்விட்ஸ். நாஜிகள் யூதர்களைக் கொன்ற முகாம். யாருக்கும் புள்ளி குறையவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. சிலர் அழுதார்கள், சிலர் எழுந்து போனார்கள். பொம்மை யாரென்று தெரிந்தது, அது போதுமாயிருந்தது.

நான் சொன்னது இவ்வளவுதான்: காலனிக்கு ஒரு தாள் போடு. நாற்பது வீடு என்று சொன்னாய் அல்லவா, பகடையைத் தொடுவதற்கு முன்னால் நாற்பது வீட்டுக்கும் பெயர் எழுது. அடுத்த ஞாயிறு எழுதிக்கொண்டு வந்திருந்தான். தலைவரின் முடிவு அதேதான், தடை. இந்த முறை கேம் மாஸ்டர் புள்ளியைத் தொடவில்லை. வாரத்தைத் தள்ளினான்.

முதல் வாரம்: நாற்று நடவுக்கு வெளியூரிலிருந்து வேனில் ஆள் வந்து இறங்கியது. காலனியில் இருபத்தாறு பெண்களுக்குக் கூலி இல்லை. இரண்டாவது வாரம்: மகளிர் குழுக் கடன் தவணை. அது ஊர்த் தடைக்கெல்லாம் காத்திருக்காது, வசூல் பண்ணுகிறவர் காலை ஏழு மணிக்கே வாசலில் நிற்பார். மூன்றாவது வாரம்: பால் ஊற்றுகிற இடம் ஊர்த்தெருவில், பாலை வாங்க மறுத்தார்கள். மாட்டை மேய்க்கிற வழி ஒருவரின் பட்டா நிலம், அங்கே முள் வெட்டிப் போட்டார்கள். நாலாவது வாரம்: பன்னிரண்டாம் வகுப்புப் பெண் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். அவளை யாரும் அடிக்கவில்லை. பேருந்து நிற்கும் இடம் ஊர்த்தெரு டீக்கடை முன்னால், அங்கே தினமும் பத்துப் பேர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். ஆறாவது வாரம் மூன்று குடும்பம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனது. இதையெல்லாம் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்கு இது ஏற்கெனவே தெரியும். முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

இங்கே நானும் தப்பு செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். எட்டாவது வாரம் காலனிப் பாத்திரம் ஒன்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது. நான் உற்சாகத்தில், உண்மையில் எப்படி நடக்கும் என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனேன்: புகாரை வாங்க மாட்டார்கள், வாங்கினால் மறுநாளே எதிர்ப்புகார் வரும், நம் பையன்கள் மேல் திருட்டு வழக்கு, சமாதானக் கூட்டம், கையெழுத்து. கேம் மாஸ்டர் அப்படியே சொன்னான். எங்கள் படிப்பகத்துத் தங்கச்சி, அதுவரை அதிகம் பேசாதவள், கேட்டாள்: "அப்போ புகார் கொடுக்காம இருந்திருந்தா காலனி நல்லா இருந்திருக்குமாக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஊர் செய்யாறு பக்கம். அங்கே அவள் வீட்டில் ஒரு விஷயம் நிலுவையில் இருக்கிறது, அதை நான் இங்கே எழுத முடியாது. அவள் கேட்டது ஆட்டத்தைப் பற்றி இல்லை.

தலித் பாத்திரம் எழுந்து நிற்கும் போதெல்லாம் அடுத்த நிமிஷம் அடி விழுகிற மாதிரி நடத்தினால், 'இதுதான் யதார்த்தம்' என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த மேசையில் இருந்து எழுந்து போகிற பிள்ளை 'வாயை மூடிக்கொண்டு இரு' என்ற ஒரே பாடத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகும். நம் சினிமாவும் இதைத்தான் செய்கிறது, நம் மேல் இரக்கப்படுகிற சினிமா உட்பட. எழுந்ததன் விலையை விலாவாரியாகக் காட்டுகிறோம். எழாமல் இருந்ததன் விலையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. புகார் இல்லாத ஊரில் அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் பள்ளிக்கூடம் போயிருப்பாளா? எழுதிப் பார்த்தோம். அந்த வருடம் போயிருப்பாள். அவள் தங்கை வளரும்போதும் அதே டீக்கடையில் அதே பத்துப் பேர் நிற்பார்கள், கோயில் வாசல் அப்படியே இருக்கும். ஊர்த்தலைவர் தடை போட வேண்டிய தேவைகூட இருக்காது.

இன்னொன்றும் நான் விட்டுவிட்டேன். சட்டம் அந்த மேசையில் வெறும் காகிதமாக இருந்தது, என்னால். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் தெளிவாகச் சேர்த்திருக்கிறது. விசாரணையை டி.எஸ்.பி. நடத்த வேண்டும், அறுபது நாளில் முடிக்க வேண்டும். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு நாலாவது பிரிவில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை. அது மட்டும் ஒழுங்காக நடந்தால் பாதி ஊர்த்தடை முதல் வாரத்திலேயே செத்துப்போகும். நடப்பதில்லை என்பது வேறு. அதை நடக்க வைக்க வழக்கறிஞர், இயக்கம், பத்திரிகைக்காரர், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு என்று ஒவ்வொன்றும் ஒரு நகர்வு. அந்த நகர்வுகளைக் காலனித் தாளில் எழுதாமல், அடியை மட்டும் எழுதினால் அது யதார்த்தம் இல்லை, சோம்பேறித்தனம்.

மகாடை எடுத்துக்கொள்ளுங்கள். 1927 மார்ச் 20 அன்று புரட்சியாளர் அம்பேத்கர் தலைமையில் போய்ச் சவதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அன்றே அடித்தார்கள். குளத்தைச் சாணியும் கோமியமும் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். நாலு மணி நேர ஆட்டமாக இருந்தால் இதோடு முடிந்தது, தோல்வி. ஆனால் டிசம்பரில் மறுபடி கூடினார்கள், நீதிமன்றத் தடை வந்தது. மனுஸ்மிருதியை எரித்தார்கள். வழக்கு நடந்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் குளம் பொது என்று தீர்ப்பு சொன்னது. பத்து வருடம். தேர்வின் விளைவை எந்த வாரத்தில் நிறுத்திப் பார்க்கிறோம் என்பதிலேயே அரசியல் இருக்கிறது. நம் மாவட்டத்தில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் 2023 ஜனவரி 30 அன்று தலித் மக்கள் கலெக்டர், போலீஸ் பாதுகாப்போடு போனதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயில். கேமரா அன்றைக்கு நிறுத்திக்கொண்டது. அந்தப் பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு போன பெண்கள் அடுத்த நாள் காலையும் அதே ஊரில்தான் எழுந்தார்கள். உங்களில் யாராவது ஆய்வுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், அந்த அடுத்த நாள் காலையிலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்போது ஆட்டம் ஒரு நோட்டில் ஓடுகிறது, நாற்பது பக்க நோட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். நாலு ஞாயிறு ஆகிவிட்டது. ஆட வருகிறவர்கள் குறையவில்லை, இரண்டு பேர் கூடியிருக்கிறார்கள். தங்கச்சி காலனிப் பாத்திரம் எடுத்திருக்கிறாள், மளிகைக்கடை வைக்கப் போகிறாளாம், தடையை உடைக்க. கடன் எங்கே வாங்குவது என்று கேம் மாஸ்டரைப் போட்டு வறுத்தெடுக்கிறாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒப்புதல் இல்லை. தலைவர் பாத்திரம் எடுத்த பையன், அவன் ஊர்த்தெருப் பையன்தான், போன வாரம் கேட்டான்: "இந்த ஆள் திருந்தவே முடியாதாக்கா?" திருந்தலாம் என்றேன். ஆனால் அன்னதானம் போட்டு இல்லை. சிறப்பு நீதிமன்றத்தில் போய், தடை போட்ட கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று தன் பெரியப்பா பெயர் உட்படச் சாட்சி சொல்லட்டும். கேம் மாஸ்டர் உடனே குறுக்கே வந்தான்: அப்படிச் சொன்னால் தலைவர் வீட்டையே ஊர் ஒதுக்கிவைக்கும், அவர் மகள் நிச்சயதார்த்தம் நின்றுபோகும், அதையும் நான் எழுதுவேன். எழுது என்றேன். ஒருத்தர் மட்டும் இவ்வளவு தாங்க வேண்டுமா, இது அநியாயம் என்று இன்னொரு பிள்ளை சொன்னது. தங்கச்சி அதைக் கேட்டுச் சிரித்தாள்.

அந்தப் பையன் பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். இதுக்குப் பகடை இல்ல, நீதான் சொல்லணும் என்றான் கேம் மாஸ்டர். அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று போயிருக்கிறான்.